ரெண்டு ஏஸைப் பதுக்கி ஆடுனது என் தப்பா? ஏற்காட்டுல தோத்த ஒரு கை

மலையேறி · ஞாயிறு காலை 9.10

எல்லாருக்கும் வணக்கம். நேத்து ராத்திரி முழுக்கத் தூக்கம் வரல. அதனாலதான் இதை எழுதறேன்.

நாங்க ஏழு பேரு மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமை நாகலூர் பக்கம் ஒரு நண்பர் வீட்டுல கூடி ஹோல்டெம் ஆடுவோம் (போக்கர்ல ஒரு வகை, கையில ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு). பணம் கிடையாது. ஆளுக்கு 200 புளியங்கொட்டை. சீட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரு கட்டாயமாப் போடற ப்ளைண்ட், ஸ்மால் 1, பிக் 2. கடைசில யாருகிட்ட அதிகமோ அவருக்கு அடுத்த தடவை மத்தவங்க சமைச்சுப் போடணும், அவ்வளவுதான். ஆனா ஆட்டத்தை நான் ரொம்ப மனசு வெச்சு ஆடுவேன். சேலத்துல வேலையை முடிச்சுட்டு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போறதே அதுக்குத்தான்.

நேத்து பிக் ப்ளைண்டுக்கு அடுத்த இடத்துல நான். அதாவது முதல்ல பேச வேண்டியவன். சீட்டைத் தூக்கிப் பார்த்தா ரெண்டு ஏஸ். இஸ்பேடும் டைமனும். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. ரைஸ் பண்ணா, அதாவது ஏத்திப் போட்டா, எல்லாரும் ஓடிருவாங்கன்னு சும்மா 2 கொட்டை போட்டேன். நடுவுல ஒருத்தர் கால் (அதே அளவு போட்டார்). பட்டன், அதாவது டீலர் இடத்துல இருந்தவர், கால். ஸ்மால் ப்ளைண்ட் ஒரு கொட்டை சேத்துப் போட்டார். பிக் ப்ளைண்டுல இருந்தவர் வீட்டுக்காரர், செக் (மேல எதுவும் போடல). அஞ்சு பேரு, நடுவுல 10 கொட்டை.

ஃப்ளாப் (நடுவுல முதல்ல விழற மூணு சீட்டு): 9, 6, 4. மூணும் மூணு சாதி. எனக்கு இதை விட நல்ல ஃப்ளாப் வேணுமான்னு தோணுச்சு. முன்னாடி ரெண்டு பேரும் செக். நான் 7 போட்டேன். பட்டன் கால். வீட்டுக்காரர் 28ன்னு ஏத்தினார். நான் 80. பட்டன் விலகிட்டார். வீட்டுக்காரர் மொத்தத்தையும் தள்ளினார். நான் ஒரு நொடி கூட யோசிக்கல, கால்.

அவரு கையில 6, 4. ரெண்டு ஜோடி. டர்ன்ல (நாலாவது சீட்டு) ஜாக்கி, ரிவர்ல (அஞ்சாவது) 3. நடுவுல இருந்த 413 கொட்டையும் அவருக்குப் போச்சு.

கூட இருந்தவங்க எல்லாம் "விதி மாப்ள, விடு"ன்னாங்க. விதின்னு எனக்குத் தோணல. நான் ஏதோ தப்பு பண்ணியிருக்கேன். அது எந்த இடத்துலன்னு சொல்லுங்க.

---

இருபதாவது வளைவு · ஞாயிறு காலை 10.02

தம்பி, நீ பண்ணதுல தப்பே இல்ல. ரெண்டு ஏஸ் எப்பவோ ஒரு தடவை வருது. அதை வெச்சு ரைஸ் பண்ணி எல்லாரையும் துரத்திட்டு ப்ளைண்டு 3 கொட்டையை அள்ளிக்கறதுக்கா இவ்வளவு நேரம் காத்திருக்கோம்? நல்ல கையைக் காட்டிக்காம ஆடறதுதான் ஆட்டம்.

1988 போக்கர் உலகத் தொடரோட கடைசிக் கையைப் பாரு. ஜானி சான் கையில ஜாக்கியும் ஒன்பதும். ஃப்ளாப்ல ராணி, பத்து, எட்டு. கையிலேயே ஸ்ட்ரெய்ட்டு (வரிசையா அஞ்சு சீட்டு). மனுஷன் ஒண்ணும் தெரியாத மாதிரி பதுங்கிக்கிட்டே இருந்தார். எரிக் சைடல் ராணி ஜோடியை நம்பி ரிவர்ல மொத்தத்தையும் தள்ளினார். சான் தொடர்ந்து ரெண்டாவது வருஷம் பட்டம் வாங்கினார். பொறுமைதான் ஜெயிச்சுக் குடுத்துச்சு.

உனக்கு நேத்து நேரம் சரியில்ல. அவ்வளவுதான்.

---

கணக்கு டீச்சர் · ஞாயிறு மதியம் 12.30

வணக்கம் மலையேறி. தூங்காமல் யோசித்திருக்கிறீர்கள், அதற்கு மதிப்புக் கொடுத்து விவரமாகவே எழுதுகிறேன்.

இரண்டு ஏஸ் வருவது 221 கைக்கு ஒரு முறை. நீங்கள் வீட்டில் ஆடும் வேகத்துக்கு மணிக்கு 25 கை என்று வைத்தால், ஏறக்குறைய ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு தடவை. இந்த அருமைதான் நம்மைத் தப்பான பக்கம் இழுக்கிறது. "எப்பவோ வந்தது, வீணாக்கக் கூடாது" என்கிற தவிப்பில் பதுக்குகிறோம்.

இனி இதைப் பாருங்கள். எதிரில் ஏதோ ஒரு கையோடு ஒரே ஒருவர் இருந்து, கடைசி வரை சீட்டு விழுந்தால், ஏஸ் ஜோடி நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். எதிரில் இரண்டு பேர் என்றால் 73. மூன்று பேருக்கு 64. நான்கு பேருக்கு 56. ஐந்து பேர் வந்துவிட்டால் பாதிக்கும் கீழே. நீங்கள் நான்கு பேரை உள்ளே விட்டீர்கள். ரைஸ் பண்ணியிருந்தால் 6-4 அங்கே இருந்திருக்காது. தப்பு நடந்தது ஃப்ளாப்பில் இல்லை. முதல் 2 கொட்டையைப் போட்டபோதே நடந்துவிட்டது.

சான் விஷயம். அந்தக் கையில் எதிரில் ஒரே ஒருவர்தான். சான் பதுங்கியது ஃப்ளாப் விழுந்த பிறகு, அந்த மேசையில் அமையக்கூடிய மிகப் பெரிய கையை வைத்துக்கொண்டு. சைடலுக்கு அடுத்து எந்தச் சீட்டு வந்தாலும் சான் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. ஃப்ளாப்புக்கு முன்னால் இருக்கும் ஏஸ் ஜோடி அப்படியில்லை. அது ஒரு ஜோடி, இன்னும் ஐந்து சீட்டு விழ வேண்டும்.

---

கொலுசுப்பட்டறை · ஞாயிறு மதியம் 2.15

டீச்சரம்மா சொன்னதுல ஒண்ணு சேத்துக்கறேனுங்க. நான் செவ்வாய்ப்பேட்டைக்காரன், வயசு அறுபதுக்கு மேல. சின்ன வயசுல பட்டறை லீவு நாள்ல மூணு சீட்டு, ரம்மி ரெண்டும் ஆடுனவன். போக்கரு என் பையன் சொல்லிக் குடுத்தது.

நம்மாளுங்க ஏன் பதுக்கறாங்கன்னா, மூணு சீட்டுப் பழக்கம். அதுல கையில மூணு சீட்டு விழுந்தா விழுந்ததுதான். மூணு ராஜா வந்துட்டா அது ராத்திரி முழுக்க மூணு ராஜாதான். எதிராளி கையும் மாறப் போறதில்ல. அங்க எவ்வளவு நேரம் ஒளிச்சு வெச்சாலும் கை கெட்டுப் போவாது. இன்னும் ரெண்டு பேரு உள்ள வந்தாலும் அவங்க கையும் அப்பவே முடிஞ்சு போன கை. பதுங்கறது அங்க நல்ல ஆட்டம், நானும் ஆடியிருக்கேன்.

ரம்மில சுத்தமான சீக்வன்ஸ் சேந்தா யாருகிட்டயும் சொல்ல மாட்டோம். ஒளிக்கறதுக்குச் செலவே கிடையாது.

ஹோல்டெம்ல அப்படி இல்லைங்க. நடுவுல விழற அஞ்சு சீட்டு எல்லாருக்கும் பொது. உங்க ஏஸு அப்படியே நிக்குது, எதிராளியோட குப்பைக் கை ஒவ்வொரு சீட்டுக்கும் வளருது. பழைய ஆட்டத்தோட புத்தியை இதுல கொண்டாந்து வெச்சா இப்படித்தான் ஆவும். இதை நான் புரிஞ்சுக்கவே ரெண்டு வருசம் ஆச்சு.

---

இருபதாவது வளைவு · ஞாயிறு மாலை 5.40

பெரியவர் சொன்னது மனசுல பட்டுச்சு. ஒத்துக்கறேன்.

ஆனா டீச்சர், உங்க கணக்குலயே எனக்கு ஒரு கேள்வி. நாலு பேரு எதிர்ல இருக்கும்போது 56ன்னு சொல்றீங்க. அஞ்சு பேரு ஆளுக்கு 2 கொட்டை போட்டிருக்கோம். என் நியாயமான பங்கு நூத்துக்கு 20தான். 56 கிடைக்குதுன்னா அது லாபம்தானே? ஒருத்தன் எதிர்ல 85 வாங்கும்போது என் பங்கு 50. அதாவது 35 கூடுதல். இங்கயும் 36 கூடுதல். நடுவுல இருக்கறதோ நிறைய. அப்ப ஆளு கூடக் கூட எனக்கு நல்லதுதான்னு ஆவுதே. எங்க தப்பு?

---

கணக்கு டீச்சர் · ஞாயிறு இரவு 8.25

மிக நல்ல கேள்வி. நான் மேலே எழுதியது அரைகுறை. நீங்கள் சொல்வதுதான் சரி: நடுவில் இருக்கும் கொட்டை அத்தனையையும் அந்த நிமிஷமே பங்கு போட்டு, மீதி சீட்டைச் சும்மா விரித்துப் பார்ப்பதாக இருந்தால், ஆள் கூடுவது ஏஸுக்குக் கெடுதல் இல்லை.

ஆனால் நாம் அப்படி ஆடுவதில்லையே. ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் பந்தயம் நடக்கிறது. நடுவில் இருக்கும் 10 கொட்டையைப் பற்றிக் கவலையில்லை. அதற்குப் பின்னால் ஒவ்வொருவரிடமும் இருக்கும் 198 எப்போது, யாரிடமிருந்து, எந்த நிலைமையில் உள்ளே வருகிறது என்பதுதான் கேள்வி.

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒருவரே எதிரில், நீங்கள் பட்டனில். முதலில் சும்மா 2 போடுகிறீர்கள், பிக் ப்ளைண்ட் செக். நடுவில் 5. இனி ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு போட்டு, அவர் கால் பண்ணிக்கொண்டே வருகிறார் என்று வையுங்கள். ஃப்ளாப்பில் 3, டர்னில் 7, ரிவரில் 17. மொத்தம் அவரிடமிருந்து வருவது 29 கொட்டை.

அதே கையில் முதலில் 6 என்று ரைஸ், அவர் கால். நடுவில் 13. அதே விகிதத்தில் 9, பிறகு 21, பிறகு 49. அவரிடமிருந்து வருவது 85.

ஆரம்பத்தில் வித்தியாசம் 4 கொட்டை. முடிவில் 56. பாட் (நடுவில் சேரும் கொட்டை) பெருகும் விதம் இது, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் ஏறி நிற்கிறது. பதுக்கி ஆடுபவர் "நிறைய வாங்கணும்" என்றுதான் பதுக்குகிறார். உண்மையில் நிறைய வாங்கும் வழியை முதல் சுற்றிலேயே அடைத்துவிடுகிறார்.

சரி, பதுக்கிய கையில் 200 கொட்டையும் உள்ளே போவது எப்போது? எதிராளி ஏற்றினால்தான். சின்ன பாட்டில், நான்கைந்து பேர் நடுவே, மொத்தத்தையும் தள்ளும் அளவுக்கு அவர் ஏற்றுகிறார் என்றால் அவர் கையில் ஒரு ஜோடியை விடப் பெரிதாக ஏதோ இருக்கிறது. ஜெயிக்கும்போது சின்ன பாட், தோற்கும்போது பெரிய பாட். மலையேறிக்கு நடந்தது இதுதான். மொத்தமும் உள்ளே போன நேரத்தில் மலையேறி ஜெயிக்க இருந்த வாய்ப்பு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு.

---

நாகலூர் காப்பி · திங்கள் காலை 6.50

அந்த 6-4 நான்தான். இப்பத்தான் இந்த இழையைப் பார்த்தேன். இங்க விடிய விடியப் பனி, காப்பிப் பழம் பறிக்க ஆள் வர இன்னும் அரை மணி இருக்கு, அதுக்குள்ள எழுதிடறேன்.

மலையேறி, நீ தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன். நீ 8 கொட்டைன்னு ஏத்தியிருந்தா, அந்த 6-4ஐ நான் திரும்பக் கூடப் பார்த்திருக்க மாட்டேன். எனக்கு அந்தக் கை ஓசில வந்துச்சு. நீதான் குடுத்தே.

இன்னொண்ணு. ஃப்ளாப் விழுந்ததும் நான் உன்னைப் பத்தி என்ன நினைச்சேன் தெரியுமா? முதல் இடத்துல உக்காந்து சும்மா ரெண்டு போட்டவன். சின்ன ஜோடியா இருக்கலாம், ராணி-பத்து மாதிரி ஏதாவது இருக்கலாம். ஏஸ் ஜோடின்னு நினைக்கவே இல்ல. அதனால என் ரெண்டு ஜோடி பெருசுன்னு துணிஞ்சு தள்ளினேன். நீ உன் கையை என்கிட்ட மறைச்சது சரி. ஆனா அதே நேரத்துல என் கை உனக்கும் மறைஞ்சு போச்சே. காசு குடுக்காம பார்த்த பிக் ப்ளைண்டு கையில என்ன வேணா இருக்கும். 9-6 இருக்கும், 6-4 இருக்கும், 7-5 இருக்கும். 8 கொட்டை குடுத்து வந்தவன்னா 9-6-4 ஃப்ளாப்ல என்கிட்ட ரெண்டு ஜோடி இருக்கவே வழியில்லன்னு நீ அடிச்சுச் சொல்லியிருக்கலாம்.

ரைஸ் பண்றது என்கிட்ட கேள்வி கேக்கற மாதிரி. நீ கேக்கவே இல்ல. நான் பதில் சொல்லாமலே உள்ள வந்துட்டேன்.

தப்பா எடுத்துக்காத. ஆள் வந்துட்டாங்க, கிளம்பறேன்.

---

மலையேறி · திங்கள் இரவு 9.30

அண்ணா, இதைத்தான் எனக்கு யாரும் சொல்லல. "என் கை உனக்கும் மறைஞ்சு போச்சே." ரெண்டு தடவை படிச்சேன்.

எனக்கு அன்னைக்குப் பயம் வந்ததும் இன்னொரு இடம். நீங்க 28ன்னு ஏத்தினப்ப உள்ளுக்குள்ள ஒரு குரல் "இது சரியில்ல"ன்னுச்சு. ஆனா "இத்தனை நேரம் பதுக்கி வெச்சிருந்தது இதுக்குத்தானே, வலையில விழுந்துட்டான்"னு இன்னொரு குரல். வலை விரிச்சவனுக்கு விழுந்தது மீனா பாம்பான்னு பார்க்கத் தோணல.

டீச்சர், ராஜா ஜோடி, ராணி ஜோடிக்கும் இதே கதையா?

---

கணக்கு டீச்சர் · செவ்வாய் மாலை 6.10

இன்னும் மோசம். ஏஸ் ஜோடிக்கு மேலே ஜோடி கிடையாது என்ற நிம்மதியாவது இருக்கிறது.

ராஜா ஜோடி வைத்திருந்தால் ஃப்ளாப்பில் குறைந்தது ஒரு ஏஸ் விழும் வாய்ப்பு நூற்றுக்கு 23க்குக் கொஞ்சம் குறைவு. ராணி ஜோடிக்கு மேல் சீட்டு, அதாவது ஏஸோ ராஜாவோ, விழுவது 41. ஜாக்கி ஜோடிக்கு 57, பாதிக்கு மேல். ஏஸும் ஒரு குப்பைச் சீட்டும் வைத்திருப்பவர் 2 கொட்டைக்கு உள்ளே வந்து, ஏஸ் விழுந்ததும் உங்கள் ராஜாவைத் தாண்டிப் போய்விடுவார். அப்போது செக் பண்ணுவதா, போடுவதா, விடுவதா என்று ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள் தவிக்க வேண்டும். முன்னாலேயே ஏற்றியிருந்தால் ஏஸ்-5 மாதிரி கைகள் பாதி போயிருக்கும்.

என் மாணவர்களிடம் நிகழ்தகவு நடத்தும்போது சீட்டுக்கட்டை உதாரணம் காட்டினால் கண் விரியும். ஃபார்முலாவை எழுதினால் கொட்டாவி விடுவார்கள். இந்த 23, 41, 57 மூன்றையும் நீங்களே ஒரு முறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். தெரியாத சீட்டு 50, அதில் மூன்று விழுகிறது. அவ்வளவுதான் கணக்கு. நாமே போட்டுப் பார்த்த எண்தான் மேசையில் உட்காரும்போது நினைவில் நிற்கும்.

---

நிர்வாகி · செவ்வாய் இரவு 10.00

இழை நன்றாகப் போகிறது, நடுவே ஒரு குறிப்பு மட்டும். தனிச்செய்தியில் இரண்டு பேர் "எந்த ஆப்பில் ஆடலாம்" என்று கேட்டிருக்கிறார்கள். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சொன்னது உண்மை. ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடுத்திருக்கிறது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டுத் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகள் அழுதன என்பது நமக்குத் தெரியும். இங்கே பேசுவது புளியங்கொட்டை ஆட்டம் மட்டுமே. பண ஆட்டத்துக்கு இணைப்புக் கொடுத்தால் பதிவை நீக்குவேன்.

---

இருபதாவது வளைவு · புதன் காலை 7.45

நிர்வாகி சொன்னது சரி. எங்க சொந்தத்துலயே ஒருத்தர் அப்படி வண்டியை வித்தார்.

நான் ஆட்டத்துக்கே வர்றேன். என் பழைய பேச்சுல பாதியை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா மீதிப் பாதியை விட மாட்டேன். பதுங்கறதுக்கு இடம் இருக்கு. எனக்குத் தெரிஞ்சு ரெண்டு.

எனக்குப் பின்னாடி உக்காந்திருக்கறவர் எதைப் பார்த்தாலும் ஏத்தற ஆளுன்னா, நான் முதல்ல சும்மா 2 போடுவேன். அவரு 8ங்கறார். நடுவுல ரெண்டு பேரு கால் பண்றாங்க. திரும்ப என்கிட்ட வரும்போது 40ன்னு ஏத்துவேன். இதுல பாட்டும் பெருசாவுது, ஆளும் குறையுது. ஆனா அவரு ஏத்தலைன்னா நான் மலையேறி மாதிரி மாட்டிக்குவேன். அதனால மேசையில அப்படி ஒரு ஆளு நிச்சயமா இருந்தாத்தான்.

ரெண்டாவது, ஃப்ளாப்புக்கு அப்புறம். கையில ரெண்டு ஏழு, ஃப்ளாப்ல ராஜா, ஏழு, ஏழுன்னு விழுந்துச்சுன்னா யாருக்கும் பயப்பட வேண்டாம். மத்தவங்களுக்கு ஏதாவது சேரட்டும்னு விட்டுறலாம். ஆனா ஃப்ளாப்ல 9, 8 ரெண்டும் இஸ்பேடா விழுந்து என்கிட்ட ரெண்டு ஒன்பது இருந்துச்சுன்னா, செக் பண்ணவே மாட்டேன். இஸ்பேடு ரெண்டு வெச்சிருக்கறவனுக்கு ரிவருக்குள்ள ஃப்ளஷ் (ஒரே சாதில அஞ்சு சீட்டு) சேர மூணுல ஒரு பங்குக்கு மேல வாய்ப்பு. அவனுக்கு ஓசில சீட்டு காட்டக் கூடாது.

---

கொலுசுப்பட்டறை · புதன் மதியம் 1.20

வளைவுத் தம்பி சொன்ன முதல் இடம் ரொம்பச் சரிங்க. ஆனா நம்ம வீட்டு ஆட்டத்துல ஏத்தற ஆளுங்க கம்மி, கால் பண்றவங்கதான் ஜாஸ்தி. கால் பண்றவங்க கூட ஆடும்போது பதுங்கவே வேண்டாம். அவங்க எப்படியும் வருவாங்க, நீங்க 8 போட்டாலும் ஒருத்தராவது வருவார். ரைஸ் பண்ணா எல்லாரும் ஓடிருவாங்கங்கறது நம்ம மனசுல இருக்கற பயம். எண்ணிப் பாருங்க, கடைசியா எப்ப எல்லாரும் ஓடினாங்கன்னு.

---

மலையேறி · அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு, காலை 11.15

நேத்து மறுபடி போனேன். குப்பனூர் வழியா ஏறினோம். நாகலூர் பக்கம் பத்தடிக்கு முன்னால ஒண்ணும் தெரியல, அவ்வளவு மூடுபனி. எழுதறேன்னு டீச்சர்கிட்ட சொல்லியிருந்தேன்.

முதல்ல ராஜா ஜோடி வந்துச்சு. 8ன்னு ஏத்தினேன். எல்லாரும் மடிச்சுட்டாங்க. 3 கொட்டை. முன்னாடின்னா வயிறு எரிஞ்சிருக்கும். இந்தத் தடவை பரவாயில்லன்னு இருந்துச்சு.

ராத்திரி பதினோரு மணிக்கு ஏஸ் ஜோடி. இவ்வளவு சீக்கிரம் வரும்னு நினைக்கல. 8ன்னு ஏத்தினேன். எல்லாரும் போயிட்டாங்க, பிக் ப்ளைண்டுல காப்பி அண்ணன் மட்டும் கால். நடுவுல 17. ஃப்ளாப் ராணி, 7, 2. மூணும் வேற வேற சாதி. அவர் செக், நான் 11, அவர் கால். டர்ன் 3. அவர் செக், நான் 26. அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு 80ன்னார்.

இப்ப எனக்கு யோசிக்க ஏதோ இருந்துச்சு. 8 கொட்டை குடுத்து வந்தவர். ராணி-7 வெச்சு அவர் வர மாட்டார். ராணியும் நல்ல சீட்டும் இருந்தா கால் பண்ணிட்டே வருவார், டர்ன்ல ஏத்த மாட்டார். இத்தனை வருசத்துல டர்ன்ல ஏத்திட்டு சும்மா கையைக் காட்டினதை நான் பார்த்ததே இல்ல. கையில 7-7 இல்லைன்னா 2-2, ஃப்ளாப்போட சேந்து மூணா ஆயிருச்சுன்னுதான் எனக்குப் பட்டுச்சு. ஏஸ் ரெண்டையும் விரிச்சுக் காட்டிட்டு மடிச்சேன். 45 கொட்டை போச்சு.

அண்ணன் தன் கையைத் திருப்பினார். ரெண்டு ஏழு.

---

இருபதாவது வளைவு · ஞாயிறு மதியம் 12.05

ஏஸை மடிச்சியா? என்னால முடியாது தம்பி. நான் கால் பண்ணித் தோத்திருப்பேன். 80க்குப் பின்னாடி அவருகிட்ட இன்னும் நூறு கிட்ட இருந்திருக்கும், ரிவர்ல அதுவும் வந்திருக்கும்.

---

கணக்கு டீச்சர் · ஞாயிறு மாலை 4.40

நாகலூர் காப்பி இரண்டு ஏழோடு 8 கொட்டை கொடுத்து வந்ததும் சரியான ஆட்டமே. எட்டரை தடவைக்கு ஒரு முறை ஃப்ளாப்பில் மூன்றாவது ஏழு விழும், விழுந்தால் வாங்க 192 கொட்டை பின்னால் இருக்கிறது. இரண்டு பேருமே நன்றாக ஆடிய கை.

மலையேறி, மறுபடியும் அதே ஏஸ் ஜோடி, அதே எதிராளி. போனது அன்று 200, நேற்று 45. இந்தக் கையை என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். வகுப்பில் சீட்டு என்று சொல்லாமல் நடத்தப் பார்க்கிறேன்.

---

நாகலூர் காப்பி · திங்கள் காலை 6.35

அவன் மடிச்சதும் எனக்கு மனசே ஆறல. மிச்சத்தையும் வாங்கிடலாம்னு இருந்தேன்.

அடுத்த ஆட்டம் ஒரு வாரம் தள்ளித்தான். பழம் பறிப்பு முடியல, காய வெச்ச காப்பிக்கு ராத்திரில தார்ப்பாய் போட ஆள் வேணும். சீக்கிரம் வர்றவங்க அதுக்கு ஒரு கை குடுங்க. மலையேறி, கீழ இருந்து வரும்போது தட்டுவடை செட் ஏழு பேருக்கு வாங்கிட்டு வா. கார சட்னியைத் தனியாக் கட்டச் சொல்லு, மலை ஏறறதுக்குள்ள நமுத்துப் போயிருது.